இறகு புடுங்கற கிளிக்கு ஸ்ப்ரே, காலர், தீனி தேடற பொம்மை: எது உருப்படி, எது தண்டம்

கிளி இறகு புடுங்க ஆரம்பிச்சா பாதி பேர் மொதல்ல வாங்கறது இந்த கசப்பு ஸ்ப்ரே, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். பிராண்ட் பேர் போடல, இந்த வகை பாட்டில் எல்லாத்துலயும் சொல்ற விஷயம் ஒண்ணுதான், இறகு மேல அடிச்சா கசக்கும், கசந்தா கிளி வாய் வைக்காதுன்னு. கேக்க நல்லாதான் இருக்கு, அது கிளிக்கும் தெரியணுமே. நாக்குல சுவை மொட்டு நமக்கு ஆயிரக்கணக்குல இருக்கு, கிளிக்கு சில நூறுதான். கசப்பே தெரியாதுன்னு சொல்லல, ஆனா புடுங்கியே தீருவேன்னு உக்காந்திருக்கற ஆள நிறுத்தற அளவுக்கு அந்த கசப்பு பத்தாது. எங்க வீட்டு ஆள் ஆப்ரிக்கன் கிரேங்கற சாம்பல் கிளி, அடிச்சு முடிச்ச உடனே ஒரு தடவ உடம்ப சிலிர்த்துச்சு, அப்புறம் ஈரமான இறகு ஒவ்வொண்ணையும் அலகுல புடிச்சு அடியிலேர்ந்து நுனி வரைக்கும் உருவ ஆரம்பிச்சிடுச்சு. இறகுல எது ஒட்டினாலும் கோதி எடுக்கறது பறவையோட சுபாவம், நாம காசு குடுத்து கோதறதுக்கு இன்னொரு காரணத்த வாங்கி வந்த மாதிரி ஆச்சு. இதுல பாட்டில கையில எடுத்தாலே கூண்டோட பின் மூலைக்கு ஓடறது வேற. 1 ஸ்டார், அதுவும் மூடி லீக் ஆகாததுக்கு.

அதே வேலைக்கு வெறும் தண்ணி எவ்வளவோ மேல். மெல்லிசா பனி மாதிரி விழற ஸ்ப்ரேயர்ல, மேலேர்ந்து மழை விழற மாதிரி, ராத்திரிக்குள்ள காஞ்சிடற மாதிரி பகல்ல அடிச்சு விடுங்க. ரூம் காத்து ரொம்ப வறண்டா தோல் அரிக்கும், அரிச்சா புடுங்கும். தோல் செவந்திருக்குன்னு எண்ணெய், ஆயின்ட்மென்ட்னு எதையும் மேல பூசிடாதீங்க, இறகு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டா உடம்பு சூடு நிக்காது, நக்கினா வயித்துக்குள்ளயும் போகும்.

அடுத்தது காலர். கெட்டி பிளாஸ்டிக்ல கூம்பு மாதிரி ஒண்ணு, துணிக்குள்ள ஸ்பாஞ்ச் வெச்சு வெல்க்ரோ ஒட்டறது ஒண்ணு. கிளி கூண்டுல ஏறும்போது அலகு அதுக்கு மூணாவது கால், கம்பிய அலகுல கவ்விதான் மேல ஏறும். பிளாஸ்டிக் காலர் போட்டா அலகு கம்பிய தொடறதுக்கு முன்னாடியே காலர் விளிம்பு போய் இடிக்குது, சறுக்கி கீழ விழுது, தீனிக் கிண்ணத்துல தலைய விட்டா கிண்ணமே சாயுது. துணி காலர் கொஞ்சம் பரவால்ல, ஆனா வெல்க்ரோவ பிரிக்க ஒரு கிரேக்கு சொல்லியா குடுக்கணும். முக்கியமான விஷயம், காலர் இறகு புடுங்கறதுக்கான மருந்து இல்ல, கழட்டின அன்னைக்கே திரும்ப ஆரம்பிக்கும். தன் தோலையே கடிச்சு ரத்தம் வர வெச்சுக்கற கிளிக்கு, இல்ல தையல் போட்ட கிளிக்கு, டாக்டர் மாட்டி விட்டு ஒழுங்கா சாப்பிடுதான்னு கூடவே இருந்து பாத்து அனுப்பற சமாச்சாரம் அது. அந்த மாதிரி கேஸ்ல அத விட்டா வேற வழியே இல்லங்கறதால 2 ஸ்டார். ஆன்லைன்ல வாங்கி வீட்டுல நீங்களே மாட்டறதுக்கு பூஜ்யம்.

மைட்டுங்கற குட்டிப் பூச்சிய கொல்ற பவுடர் வாங்கலாமான்னு கேப்பீங்க. வீட்டுக்குள்ளயே இருக்கற கிளிக்கு பூச்சியால இறகு போறது ரொம்ப கம்மி, யாராவது கண்ணால பாத்து உறுதி பண்ணாம போடாதீங்க.

உண்மையில காசுக்கு வொர்த்தா இருந்தது பறவை பாக்கற டாக்டரோட செக்கப்தான். நாய் பூனை பாக்கறவர் இல்ல, பறவைய தனியா படிச்சவர். அவர் மொதல்ல பாத்தது தலைய. தன் தலைக்கு தன் அலகு எட்டாது இல்லையா, அதனால தலை இறகு முழுசா இருந்து கழுத்துக்கு கீழ மட்டும் மொட்டையா இருந்தா அதுவே புடுங்கிக்குதுன்னு அர்த்தம், தலையிலயும் போயிருந்தா கூட இருக்கற கிளி புடுங்குது இல்ல நோய். அந்த நோய்ல பெருசு பிபிஎஃப்டிங்கற வைரஸ் நோய், அலகையும் இறகையும் சேத்து கெடுக்கும், அதுக்கு பிசிஆர் டெஸ்ட் இருக்கு. ரத்தத்துல ஈரல் எப்படி இருக்கு, ஜிங்க், ஈயம் ஏறியிருக்கான்னும் பாத்தார். அப்புறம் கேள்வி மேல கேள்வி, வீட்டுல யாராவது சிகரெட் புடிக்கறாங்களா, அந்த கையோட கிளிய தூக்குவாங்களா, ராத்திரி எத்தன மணி வரைக்கும் டிவி ஓடும், வெறும் விதை மட்டும்தான் தீனியா. சூரியகாந்தி விதையே கதின்னு இருக்கற கிளிக்கு வைட்டமின் ஏ பத்தாது, தோலும் இறகும் மட்டமா வரும்னு பெல்லட்டுங்கற, சத்து சேத்து உருண்டையா செஞ்ச தீனிக்கு கொஞ்சம் கொஞ்சமா மாத்தச் சொன்னார். ராத்திரி இருட்டுல 10 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேணும்னார்.

எனக்கு புதுசா இருந்தது தடவற விஷயம். முதுகுல, ரெக்கைக்கு அடியில, வால் பக்கம் தடவினா அது கிளிக்கு ஜோடி சேர்ற சிக்னல், ஹார்மோன் ஏறி அந்த டென்ஷன்லயும் புடுங்குமாம், தலையும் கழுத்தும் மட்டும் சொறிஞ்சு விடுங்கன்னார். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஆசையா முதுகுலதானே கை வைக்கிறாங்க, இப்ப ஒவ்வொருத்தருக்கும் வாசல்லயே கிளாஸ் எடுக்க வேண்டியதா இருக்கு. செக்கப்புக்கு 5 ஸ்டார், யோசிக்கவே வேணாம்.

டெஸ்ட் எல்லாம் கிளியர்னு வந்த அப்புறம்தான் பொம்மை. காட்டுல அமேசான் கிளி தீனி தேடவே நாளைக்கு 4 முதல் 6 மணி நேரம் செலவு பண்ணும், கூண்டுல கிண்ணம் நிறைய கொட்டி வெச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும், மீதி நேரம் அந்த அலகு என்னதான் பண்ணும் சொல்லுங்க. 2003ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் கேம்பஸ் ஆளுங்க இளம் அமேசான் கிளிங்கள வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, தீனிய தேடி எடுக்கற ஏற்பாடும் கடிச்சு ஏறி விளையாட சாமானும் இருந்த கூட்டத்துக்கு இறகு நல்லா இருந்துச்சு, எதுவும் இல்லாத கூட்டத்துக்கு கெட்டுப் போச்சு, பிறகு அதுங்களுக்கும் அதே வசதிய குடுத்ததும் தேற ஆரம்பிச்சுச்சு.

நான் வாங்கினது கண்ணாடி மாதிரி தெரியற அக்ரிலிக் சக்கரம், சுத்தினா ஓட்டை நேரா வந்து உள்ள இருக்கற தீனி விழும். புதுசா எத பாத்தாலும் கிரேக்கு பயம், அதனால நேரா கூண்டுக்குள்ள தொங்க விடாம ரூம் மூலையில வெச்சு, மெல்ல மெல்ல கிட்ட கொண்டு வந்து, அது முன்னாடி நானே சுத்தி எடுத்து காமிச்சு, அப்புறம்தான் உள்ள மாட்டினேன். மாட்டின பிறகு நம்ம ஆள் சக்கரத்த சுத்தவே இல்ல. பின்னாடி போய் சக்கரத்த கோத்திருக்கற நட்டை நாக்கால தடவிப் பாத்து, அலகுல புடிச்சு கால் சுத்து கால் சுத்தா கழட்டி, மொத்த சாமானும் பொத்துனு விழுந்ததும் கீழ எறங்கி வந்து பொறுமையா பொறுக்கித் தின்னுது. டிசைன் பண்ணவங்க கிரேய நேர்ல பாத்ததில்ல போல. ஆனா அந்த நட்டோட மல்லுக்கட்டற நேரம் முழுக்க நெஞ்சுப் பக்கம் அலகு போகல, எனக்கு வேண்டியது அதுதானே. கூட வந்த நட்டுல பளபளன்னு பூச்சு இருந்துச்சு, ஜிங்க் பூச்சு உள்ள போனா விஷம், அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு மாத்திட்டேன், அதுக்கு 1 ஸ்டார் கட். மீதி 4. பருத்திக் கயிறு பொம்மை வேணவே வேணாம், நூல் பிரிஞ்சு நகத்துல சுத்தும், முழுங்கினா இரைப்பையில அடைக்கும்.

சக்கரம் வாங்க வசதி இல்லன்னாலும் கவலப்படாதீங்க, மை இல்லாத வெள்ளைப் பேப்பர்ல தீனிய பொட்டலம் கட்டி அட்டை டப்பாக்குள்ள போட்டு வெச்சாலே பாதி வேலை ஆயிடும், கிழிக்கறதுக்குன்னே பொறந்த ஜீவன் அது.

இப்ப நெஞ்சுல சாம்பல் பஞ்சு மூடிடுச்சு, மேல பின் ஃபெதர்ங்கற புது இறகு முள்ளு முள்ளா வருது, அதுல ரத்தம் ஓடும், அந்த நேரத்துல புடுங்கினா வலிக்கும், ரத்தம் வரும், அதனால அந்த சமயத்துல பொட்டலம் கொஞ்சம் அதிகமாவே வைக்கிறேன். தொடையில ஒரு இடம் மட்டும் மொட்டையாவே இருக்கு. திரும்பத் திரும்ப புடுங்கினா இறகு முளைக்கற குழியே கெட்டுடும், இனிமே அங்க வராம கூட போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னும் சில நாள் ஒரு இறகு புடுங்கத்தான் செய்யுது, அப்ப யாரும் கத்தக் கூடாது, ஓடிப் போய் கொஞ்சவும் கூடாது, புடுங்கினா ஆள் வர்றாங்கன்னு அது கத்துக்கும்.