28 மி.மீ. ‘மாடுலர் நார்மண்டி கிராமம்’: பணம் கட்டும் முன் அளந்து பாருங்கள்

இரண்டாம் உலகப்போர், பிரான்சின் நார்மண்டி, 1944. மேசை மேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் வார்கேமுக்காக, 28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கான கிராமம், முழுக்க மாடுலர் (பலகைகளை மாற்றி மாற்றி அடுக்கலாம்), வண்ணம் தீட்டி முடித்தது. இப்படி ஒரு விளம்பரத்தை நம்பி எங்கள் குழு ரூ.28,000 முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டியது. 600 மி.மீ. சதுரப் பலகை 6, வீடு 4, ஒரு தானியக் களஞ்சியம், வேலிகள், கோதுமை வயல் என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததில் பழுதில்லாமல் இருந்தவை ஒரு கிணறும் இரண்டு மரங்களும்தான். கேட்டால் “கையால் செய்தது, ரிட்டர்ன் கிடையாது” என்ற ஒரு வரிப் பதில். இதே மாதிரி சரக்கை இன்னும் பலர் விற்கிறார்கள். ஆகவே விற்றவர் யார் என்பதைவிட, சரக்கில் என்ன கோளாறு, வாங்கும் முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எழுதுகிறோம்.

முதலில் பலகையின் விளிம்பு. மாடுலர் என்றால் எந்தப் பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பாதை பாதையோடு சேர வேண்டும். அதற்குப் பாதை ஒவ்வொரு விளிம்பிலும் சரியாக நடுவில், அதாவது மூலையிலிருந்து 300 மி.மீ.யில், வெளியே வர வேண்டும். எங்களுக்கு வந்தவற்றில் பாதை 8 முதல் 12 மி.மீ. வரை விலகியிருந்தது. சின்ன விலகல்தானே என்று தோன்றும். ஒரு பலகையில் பாதை வலப்பக்கம் 10 மி.மீ. தள்ளியிருந்து, எதிரே வைக்கும் பலகையிலும் அதன் வலப்பக்கம் 10 மி.மீ. தள்ளியிருந்தால், இரண்டும் முகத்துக்கு முகம் சேரும்போது பிழை 20 மி.மீ. ஆகிவிடும். விற்றவர் அனுப்பிய படத்தில் எல்லாம் பொருந்தியிருந்ததற்குக் காரணம், அந்த ஒரே அடுக்கில் மட்டும் அவை பொருந்தும். அது ஜிக்சா புதிர், மாடுலர் ஆகாது.

பலகை அளவிலும் ஒரு சிக்கல். நிலப்பரப்பு செதுக்க உதவும் எக்ஸ்.பி.எஸ். (இறுகிய பாலிஸ்டைரீன்) ஃபோம் ஷீட் பொதுவாக 1250 x 600 மி.மீ. அளவில் வரும். அடியில் வைக்கும் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஷீட் எட்டுக்கு நாலு அடி. அதை இரண்டடிச் சதுரமாக அறுத்தால், ரம்பம் தின்றது போக 607 மி.மீ. வரும். இவர்கள் 607 மி.மீ. எம்.டி.எஃப். மேல் 600 மி.மீ. ஃபோமை அப்படியே ஒட்டிவிட்டார்கள். சுற்றிலும் மூன்று மூன்றரை மி.மீ. எம்.டி.எஃப். துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டு பலகைகளைச் சேர்த்தால் ஊருக்கு நடுவே 7 மி.மீ. பள்ளம். தச்சுப் பட்டறையில் கொடுத்து ஓரத்தை 600-க்கு அறுத்தால் இது சரியாகிவிடும். இருந்த குறைகளில் சுலபமாகத் தீர்ந்தது இது ஒன்றுதான்.

இணைக்க 10 x 3 மி.மீ. நியோடிமியம் காந்தம் வைத்திருந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் சில பலகைகளில் எல்லாக் காந்தங்களும் ஒரே துருவம் வெளியே பார்க்கும்படி ஒட்டப்பட்டிருந்ததால், பலகைகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டன. ஒரு விளிம்புக்கு இரண்டு காந்தம் போதும், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில். வெளியிலிருந்து பார்க்கும்போது இடது காந்தம் வடதுருவம், வலது காந்தம் தென்துருவம். நாலு விளிம்பிலும் இதே வரிசை. அப்போது எந்த விளிம்பும் எந்த விளிம்போடும் ஒட்டும். விற்பவரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் தெரியாதவர் மாடுலர் பலகை செய்து பழகியவர் அல்ல.

அடுத்தது அளவுகோல். பணம் அதிகம் போவது இங்கேதான். 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏறத்தாழ 1/56 கட்டடங்கள், அதாவது நிஜ அளவில் 56-ல் ஒரு பங்கு, பொருந்தும். நிஜத்தில் 2 மீட்டர் உயரக் கதவு 1/56-ல் 36 மி.மீ.; பொம்மையின் அடித்தட்டு கூடுதல் உயரம் தருவதால் 40 மி.மீ. வரை வைப்பது வழக்கம். அதே கதவு 1/72-ல் 28 மி.மீ.; ரயில் மாடல்களின் 1/87-ல் 23 மி.மீ. வந்த நாலு வீடுகளில் இரண்டின் கதவு 29 மி.மீ. அதாவது 1/72 வீட்டை 28 மி.மீ. என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். சிப்பாய் குனிந்தாலும் உள்ளே போக முடியாது. “ஆட்டத்துக்காகச் சுருக்கினோம்” என்றார்கள். வீட்டின் நீள அகலத்தைச் சுருக்குவது எல்லோரும் செய்வது, அதில் தவறில்லை. கதவையும் ஜன்னலையும் சுருக்குவது கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஸ்கேலும் ஒரு 28 மி.மீ. பொம்மையும் வைத்துப் படம் கேளுங்கள். பொம்மை பின்னால் தள்ளி நிற்கும் படம் எதையும் நிரூபிக்காது.

பாதையின் அகலத்தையும் இதே போலக் கணக்கிடலாம். அமெரிக்க ஷெர்மன் டாங்கின் அகலம் 2.62 மீட்டர், 1/56-ல் 47 மி.மீ. ஜெர்மன் டைகர் டாங்கின் அகலம், போரில் மாட்டும் அகலச் சங்கிலியோடு 3.7 மீட்டர், அதாவது 66 மி.மீ. எங்களுக்கு வந்த பாதை 55 மி.மீ. நார்மண்டி ஊரான வில்லர்ஸ்-போக்காஜில் நடந்த சண்டை (13 ஜூன் 1944) மாதிரி டைகர் தெருவுக்குள் நுழையும் ஆட்டத்தை அந்தப் பலகையில் ஆடவே முடியாது. 80 மி.மீ.க்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுக் கூரைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 25 மி.மீ. அடித்தட்டுப் பொம்மையை உள்ளே வைக்க வேண்டுமானால் கூரையும் மாடித் தளமும் தனித்தனியாகக் கழல வேண்டும். கழற்றிய நிலையில் படம் கேளுங்கள். இரண்டு வீடுகள் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தவை. சாய்வான கூரையில் 0.2 மி.மீ. அடுக்குகள் படிக்கட்டு போலத் தெரிந்தன. அதைவிட மோசம், சுவர் 4 மி.மீ. வளைந்திருந்தது. பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும். மே மாதத்தில் வெயிலில் நிற்கும் மூடிய வண்டி அதற்குப் போதும். நம் ஊருக்கு வருகிற சரக்கென்றால் வெப்பம் கூடுதலாகத் தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் அச்சிடச் சொல்லுங்கள்.

அச்சில் ஊற்றி வார்த்த ரெசின் சுவர்களைக் கழுவாமலே வண்ணம் அடித்திருந்தார்கள். அச்சில் தடவும் எண்ணெய்ப் பசை போகாததால், மாஸ்கிங் டேப்பை ஒட்டி எடுத்தால் வண்ணம் தோலாக உரிந்து வருகிறது. பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய டூத் பிரஷ்: பத்து நிமிட வேலையைத் தவிர்த்திருக்கிறார்கள்.

இனி, மழைக்காலத்தில் வெளிப்படும் குறை. வேலிகளின் அடித்தட்டு 3 மி.மீ. எம்.டி.எஃப்.; மேல்பக்கம் மட்டும் ஃபெவிகாலும் மணலும் வண்ணமும், கீழ்ப்பக்கம் வெறும் பலகை. ஈரம் ஒரு பக்கம் ஏறி, காயும்போது அந்தப் பக்கமே சுருங்கி இழுப்பதால், துண்டின் இரு முனைகளும் வாழைப்பழம் போல மேலே எழும்பிவிட்டன. அடியையும் நீர்த்த ஃபெவிகாலால் பூசியிருந்தால் இழுப்பு சமன்பட்டிருக்கும். வளைந்ததை நிமிர்த்த, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, தட்டையான கல் மேல் வைத்து, பாரம் ஏற்றி இரண்டு நாள் விட்டு, பிறகு அடிப்பக்கத்தையும் பூச வேண்டும். பாதித் துண்டுகள் நிமிர்ந்தன. புதிதாகச் செய்பவர்கள் எம்.டி.எஃப்.பை விட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் பேனர் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டு (பிளாஸ்டிக் ஃபோம் பலகை) வாங்குங்கள். தண்ணீருக்கு அசையாது, கட்டரிலேயே அறுபடும்.

ஃபோம் மேல் ஸ்ப்ரே கேனை நேராக அடித்ததால் ஒரு குன்றின் சரிவு முழுக்க அம்மைத் தழும்பு. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். ஃபெவிகாலும் கறுப்பு அக்ரிலிக் வண்ணமும் கலந்து இரண்டு கோட் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஸ்ப்ரே. விற்றவர் அந்தத் தழும்பைப் புல் தூவி மறைத்திருந்தார். புல்லும் ஸ்டாடிக் கிராஸ் (மின்னூட்டத்தால் நிமிர்ந்து நிற்கும் செயற்கைப் புல்) என்ற பெயரில் வந்ததே தவிர, மின்னூட்டக் கருவி இல்லாமல் கையால் தூவியதால் படுத்தே கிடந்தது. பக்கவாட்டில் எடுத்த படத்தில் புல் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வேலிகளைப் பற்றித்தான் எங்களுக்குக் கோபம் அதிகம். ‘போக்காஜ்’ என்று விற்கப்பட்டது, தட்டையான அடியில் ஒட்டிய தோட்டப் புதர் வரிசை. நார்மண்டியின் போக்காஜ் என்பது முதலில் மண்கரை. ஒரு மீட்டரும் அதற்கு மேலும் உயரமாக, வேர்கள் பின்னி இறுகியது. அதன் மேல்தான் புதரும் மரமும். அந்தக் கரை மேல் ஏறும் டாங்க் தன் மெல்லிய அடிவயிற்றை எதிரிக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் 1944 ஜூலையில் அமெரிக்க சார்ஜென்ட் கர்ட்டிஸ் கலின், ஜெர்மானியர் கடற்கரையில் நட்ட தடுப்பு இரும்பை வெட்டி ஷெர்மன் முன்னால் பற்களாகப் பொருத்தும் முறையைச் செய்து காட்டினார். கரை இல்லாத வேலியை வைத்து ஆடினால் இந்தப் பிரச்சினையே மேசையில் இருக்காது. 1.2 மீட்டர் கரை 1/56-ல் 21 மி.மீ.; ஃபோமில் செதுக்கிய அந்தக் கரை இல்லாவிட்டால் போக்காஜ் என்று ஏற்காதீர்கள்.

நீளத்திலும் ஏமாற்று. ஆறு பலகை மேசையில் பாதையின் இரு பக்கமும் 1.8 மீட்டர் வீதம் 3.6 மீட்டர், குறுக்கே 50 செ.மீ. வேலி நாலு: மொத்தம் 5.6 மீட்டர் வேண்டும். வந்தது 1.5 மீட்டர். விளம்பரப் படத்தில் இருந்தது குறைந்தது மூன்று செட். வந்தவையும் எல்லாம் நேர்த்துண்டுகள். மூலையோ, டி-வடிவமோ, வயல் வாசலோ ஒன்றுகூட இல்லாததால் ஒரு வயலையும் மூட முடியவில்லை. மொத்த நீளத்தை மீட்டரில், துண்டு வகை எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள்.

கோதுமை வயல் என்பது வண்ணம் பூசிய தேங்காய் நார் கால்மிதி. உலகம் முழுக்க வார்கேம் ஆடுகிறவர்கள் கையாளும் நல்ல வழி இது; 15 மி.மீ. நார் 1/56-ல் 84 செ.மீ. பயிர். கயிறு, நார் வேலைக்குப் பேர்போன நம் பக்கத்தில் இதை யாரும் இறக்குமதி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மிதியடி வாங்கி வந்து, பின்புறத்திலிருந்து கட்டரால் அறுத்து, வெட்டிய விளிம்பில் ஃபெவிகால் ஓட்டினால் நார் உதிராது. அவர்கள் விளிம்பை அப்படியே விட்டதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நார் கொட்டுகிறது. காய்ந்த பொன்னிறம் ஜூலைக் கடைசிக்கும் ஆகஸ்டுக்கும் பொருந்தும்; நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய ஜூன் 6-ஐ ஒட்டிய ஆட்டத்துக்குப் பச்சை வேண்டும். வயலில் ஒட்டியிருந்த பெரிய உருளை வைக்கோல் கட்டுகள் 1970களில் பரவிய இயந்திரத்தின் வேலை. 1944-க்கு வைக்கோல் போர்தான் சரி. அவற்றைப் பிய்த்தெடுத்தோம்.

கட்டடத்தின் கல்லையும் பாருங்கள். நார்மண்டியிலேயே பகுதிக்குப் பகுதி இது மாறும்: கான் (Caen) நகரச் சமவெளிக்கு வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல், மேற்கே செயின்ட்-லோ நகரப் பக்கம் கருமை கலந்த ஷிஸ்ட் (தகடு தகடாகப் பிளக்கும்) கல், கிழக்கே ஓஜ் (Auge) வட்டாரத்துக்கு மரச்சட்டச் சுவர். மூன்றையும் ஒரே தெருவில் கலந்து கொடுத்தால் அது எந்த ஊரும் இல்லை.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம். முழு முன்பணம் வேண்டாம். பொருள் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு. விளிம்பு, கதவு, அடிப்பக்கம் மூன்றும் ஸ்கேலோடு தெரியும் படம் வந்த பிறகு இன்னொரு பங்கு. மிச்சம் அனுப்பும் நாளில். அளவுகளை எழுத்தில் வாங்குங்கள்: பலகை 600, பாதை நடுக்கோடு 300, பாதை அகலம் 80, கதவு 36 முதல் 40 மி.மீ. பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். விளம்பரப் படத்தை அன்றே சேமித்து வையுங்கள். எங்கள் விஷயத்தில் புகார் சொன்ன மறுநாள் அந்தப் பக்கத்தில் ‘28 மி.மீ.’ என்ற சொல் மறைந்துவிட்டது. இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். கதவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்த படத்தையும், சேமித்த விளம்பரத்தையும், பணம் கட்டிய ரசீதையும் ஒன்றாக இணைத்து அனுப்புங்கள்.