பேச்சுப் பயிற்சி: அரசு மையமா, தனியாரா?

இரண்டு வயதாகியும் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா? காத்திருக்காதீர்கள். முதலில் செவித்திறனைச் சோதியுங்கள்.

செலவு
அரசு: 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தருபவை) 18 வயதுவரை இலவசம்.
தனியார்: ஒவ்வோர் அமர்வுக்கும் கட்டணம். மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும் என்பதால் இது பெரிய சுமை.

வசதி
அரசு: குழந்தை மருத்துவர், செவிச் சோதனை, இயன்முறை சிகிச்சை எல்லாம் ஓரிடத்தில்.
தனியார்: மாலை நேரமும் கிடைக்கலாம்.

சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பெற்றோருக்கு வீட்டுப் பயிற்சி சொல்லித்தராத இடத்துக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போலப் பல துறை உதவி தேவையென்றால் அரசு மையம். திக்குவாயோ ஓரிரு ஒலிப் பிழையோ மட்டும் உள்ள, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பக்கத்துத் தனியார் மையம் வசதி.