கைக் கலரிமீட்டரில் மணிச்சத்து (பாஸ்பரஸ்): மூன்று பருவம் ஓட்டிய பிறகு

விலை இறங்கியதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நிறத்தின் அடர்த்தியை அளந்து பாஸ்பேட் பார்க்கும் கைக் கலரிமீட்டரை வாங்கலாமா, மண்ணுக்கும் அது போதுமா?

கருவியின் மேல் குறையில்லை. ஒரே நீரை ஐந்து முறை வைத்தாலும் எண் அசையாது, பேட்டரியும் நெடுநாள் தாங்குகிறது. கோபமெல்லாம் பெட்டியின் மேல் அச்சடித்த 'மண், நீர் இரண்டுக்கும்' என்ற வரி மீதுதான்.

உடன் வரும் தூள் பொட்டலம் நீருக்காகச் செய்தது: மாலிப்டேட், அஸ்கார்பிக் அமிலம், கொஞ்சம் அமிலம். பாஸ்பேட் இருந்தால் இவை நீரை நீலமாக்கும், அந்த நீலத்தைத்தான் கருவி அளக்கிறது. மண்ணின் மணிச்சத்தைப் பார்க்கும் ஓல்சன் முறையிலோ 2.5 கிராம் மண்ணை, பி.எச். 8.5 உள்ள 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் 50 மில்லியில் அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறோம். அந்தச் சாறு 10 மில்லியில் 5 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. பொட்டலத்தைக் கொட்டியதும் அமிலம் அதற்கே செலவாகிவிடும். நுரை பொங்கும், குமிழி குப்பிச் சுவரில் ஒட்டி ஒளியைச் சிதறடிக்கும். அதைவிட மோசம், அமிலம் குறைந்தால் மாலிப்டேட் தானாகவே ஒடுங்கி, மணிச்சத்தே இல்லாத சாற்றிலும் நீலம் காட்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வழி இருக்கிறது. 5 மில்லி சாற்றை 25 மில்லி குடுவையில் எடுத்து, ஒரு சொட்டு பாரா-நைட்ரோஃபீனால் விடுங்கள், மஞ்சளாகும். 2.5 மோலார் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, மஞ்சள் மறையும் வரை விடுங்கள். அரை மில்லிக்குச் சற்று கூடக்குறையப் பிடிக்கும். வாயு முழுதும் வெளியேறட்டும். பிறகு 25 மில்லிக்கு நிரப்பி, அதில் 10 மில்லிக்குப் பொட்டலம் போட்டு, பத்து நிமிடம் கழித்துப் படியுங்கள். மண் சேர்க்காத பைகார்பனேட்டையும் இதே வழியில் நடத்திப் பூஜ்யம் வையுங்கள். மண்சாற்றின் பழுப்பு நிறம் போக்கக் கரி சேர்த்தால், பூஜ்யத்துக்கும் அதே அளவு சேருங்கள்: கரியிலேயே மணிச்சத்து இருக்கக்கூடும், அந்தப் பூஜ்யம்தான் அதைக் கழிக்கும். குப்பிகளைப் பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவவே கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும்.

இன்னொரு பொறி அலகு. திரையில் வருவது லிட்டருக்கு எத்தனை மி.கி. பாஸ்பேட் என்பது, மணிச்சத்துக்கு 3.07-ஆல் வகுக்க வேண்டும். 0.30 என்று காட்டினால் மணிச்சத்து 0.098. மேலே சொன்ன நீர்ப்பில் அதை 100-ஆல் பெருக்கினால் மண்ணில் கிலோவுக்கு 9.8 மி.கி., ஹெக்டேருக்கு 2.24 மடங்காக ஏறத்தாழ 22 கிலோ, அதாவது நடுத்தரத்தின் மேல்விளிம்பு. வகுக்க மறந்தால் 67 கிலோ, 'மிக அதிகம்'. டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரம் போட வேண்டிய வயலில் அதை நிறுத்திவிடுவார்கள்.

நீலகிரி போன்ற அமில மண்ணுக்கு ஓல்சனே பொருந்தாது, அமிலக் கரைசலால் மணிச்சத்தைப் பிரிக்கும் பிரே முறைக்குப் போங்கள்.

குளத்து நீரில் கருவி பிரமாதம். 0.45 மைக்ரான் வடிதாளில் அன்றே வடித்துப் படியுங்கள். ஆனால் பாசி பச்சையாகப் பூத்த குளத்தில் 0.00 வந்தால் ஏமாறாதீர்கள்: கரைந்திருந்த மணிச்சத்தைப் பாசி முன்பே உறிஞ்சியிருக்கும். பாசிக்குள் இருப்பதையும் சேர்த்த மொத்த அளவுக்குப் பெர்சல்பேட் சேர்த்துச் செரிக்க வைக்க வேண்டும், இந்தப் பொட்டலத்தால் அது முடியாது.

இவ்வளவு நல்ல கருவிதான். ஆனால் மண்ணுக்கென்று வாங்குகிறவருக்கு, பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் பதில். கந்தக அமிலமும் குடுவையும் வைத்து வேலை செய்யத் தயாரானவர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.