மழை லீவு, ஆழாக்கு, ஒரு தண்ணீர் பாட்டில்: வீட்டுப் படிப்பு நாள், இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பர் 4 அன்று பெரம்பூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் போனது, போன் டவரும் போனது. அந்த வாரம் முழுக்கப் பள்ளி கிடையாது. மகன் அப்போது இரண்டாம் வகுப்பு, மகள் யூகேஜி. இரண்டு நாள் அவர்கள் சண்டையைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு டைம்டேபிள் எழுதி, ஓடாத ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டினேன். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு, பதினொன்றுக்குக் கைவேலை. கரண்ட் வந்து ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிப்பதற்குள் டைம்டேபிளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு மழை லீவு, கோடை லீவு, இருவருக்கும் அடுத்தடுத்து அம்மை போட்ட மூன்று வாரம் என்று வீட்டிலேயே படிப்பு நடந்த நாட்கள் நிறைய. 2024-இல் வெயிலால் பள்ளி திறப்பு ஜூன் 10-க்குத் தள்ளிப்போனதும் அந்தக் கணக்கில் வரும். இவ்வளவு நாள் புழங்கியதில் எது நின்றது, எது பரண் ஏறியது என்று எழுதி வைக்கலாமென்று தோன்றியது.

நின்றதில் முதலிடம் என் மாமியாரின் ஆழாக்குக்கு. பித்தளை, விளிம்பில் ஒரு நசுங்கல். பசங்களுக்கு அவர் ஆயா. ஒரு நாள் உலைக்கு அரிசி அளக்கும்போது மகன், "ஆயா, இது எத்தனை போட்டா படி ரொம்பும்?" என்று கேட்டான். "என்னைக் கேக்காத, போட்டுப் பாரு" என்றார். அன்று காலை முழுக்க அதே வேலை. தலை தட்டிப் போட்டால் எட்டு. கோபுரமாகப் போட்டால் எட்டாவதுக்கு முன்பே படி வழிந்தது. ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வழிந்த அரிசியைப் பொறுக்கும்போது அவனுக்கே பிடிபட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று ஆயா சொல்லச் சொல்ல, சுவரில் கரிக்கோடு போட்டான். (வாடகை வீடு. அந்தச் சுவரைப் பற்றி இன்னும் ஓனரிடம் பேசவில்லை.) இந்த வருடம் நாலாம் வகுப்பில் பின்னம் வந்தபோது, கால் என்றால் உழக்கு, அரைக்கால் என்றால் ஆழாக்கு என்று அவனாகவே சொன்னான். டீச்சருக்குப் புரிந்ததா என்று தெரியாது. எனக்குப் புரிந்தது.

அந்த டைம்டேபிள் ஏன் செத்தது, இந்த ஆழாக்கு ஏன் பிழைத்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஆழாக்கை அவன் அளந்து தந்தால்தான் அன்று சோறு. விடை வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டது. டைம்டேபிளில் இருந்த விடைகள் எனக்கு ஏற்கெனவே தெரியும், அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, மழை அளக்கும் பாட்டில். 2024 அக்டோபரில் மழை லீவு விட்ட நாளில் மொட்டை மாடியில் வைத்தோம். ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, சமையலறைப் புனலை மேலே செருகி, பக்கவாட்டில் ஸ்கேலை டேப் போட்டு ஒட்டினோம். மறுநாள் காலை மகன் மூச்சு வாங்க இறங்கி வந்து "முப்பது சென்டிமீட்டர்!" என்றான். டிவியில் சொன்ன நுங்கம்பாக்கம் வானிலை மையக் கணக்கு அதைவிட ரொம்பக் குறைவு. எதிர்வீட்டு அண்ணன், "உங்க மாடியில மட்டும் மேகம் உடைஞ்சிருக்கும்பா" என்று சிரித்தார். பையனுக்கு ரோஷம்.

தப்பு புனலில். அதன் வாய் பாட்டிலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். அகலம் இரண்டு மடங்கானால் மழையைப் பிடிக்கும் பரப்பு நாலு மடங்கு, அத்தனையும் ஒல்லிப் பாட்டிலுக்குள் இறங்கினால் மட்டம் எகிறத்தானே செய்யும். இதை அன்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. காலண்டர் தாளில் ஒரு சின்ன வட்டம், இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, இரண்டிலும் துவரம்பருப்பை நெருக்கமாக அடுக்கி எண்ணினோம். மத்தியானம் ஆகிவிட்டது. இப்போது பாட்டிலில் வெட்டிய மேல்பாகத்தையே கவிழ்த்து வைக்கிறோம், இரண்டும் ஒரே அகலம். அடியில் வளைவு இருப்பதால் கூழாங்கல் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்கிறோம். வானிலை மையம் முந்தைய நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கெடுக்கிறது. நாங்களும் அதே நேரத்துக்கு மாறினோம். பள்ளி இருக்கும் நாளில் அது இடிக்கிறது, அதனால் அன்று ஆயா கண்ணாடி மாட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார்.

தமிழ் வாசிப்புக்கு எங்களுக்கு அமைந்தது தினசரி காலண்டர். மகள் காலையில் தாளைக் கிழித்து, தமிழ் மாதம், கிழமை, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் ஆயாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆயாவுக்கு நிஜமாகவே அது வேண்டும். தப்பாக வாசித்தால் ராகு காலத்தில் கிளம்ப நேரிடுமே. எழுத்து 247 என்று பள்ளியில் பாட்டாகப் பாடுகிறாள், ஆனால் ல, ள, ழ மூன்றும் அவள் வாயில் ஒன்றுதான். அதற்குக் கிடைத்த ஒரே மருந்து, பழக்கடையில் அவளையே பேசவிடுவது. வாழைப்பழம் கேட்டு, கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தால் வெற்றி. அவரே 'வாயப்பயம்' என்றுதான் சொல்வார், அது வேறு விஷயம். பாடப்புத்தகம் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடத்திட்டப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கி வைத்திருக்கிறேன், படங்களுக்காகவே அடிக்கடி திறக்கிறாள்.

பல்லாங்குழி பாதி வெற்றி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. ஐந்தாம் வாய்ப்பாடு மகளுக்கு அதில்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் அழுகையில் முடிகிறது. இரண்டு வருடமாகியும் இதற்கு வழி தெரியவில்லை, நடுவே என் வேலை மீட்டிங் இருக்கும் நாளில் பலகையை எடுக்கவே விடுவதில்லை. கோலம் அதைவிட அமைதி. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறி மறுபடி ஒன்றுக்கு இறங்கும் புள்ளிகளை எண்ணினால் இருபத்தைந்து. அடுத்து ஒன்பது வரை ஏற்றினால் எத்தனை என்று கேட்டேன். எண்ணிவிட்டு நாற்பத்தொன்று என்றாள். அதோடு விட்டேன், பாடமாக்கப் போனால் மாவைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள்.

பரண் ஏறியவை: ஆன்லைனில் வாங்கிய ஒரு ஆக்டிவிட்டி பெட்டி (முதல் நாளே எல்லாம் முடிந்தது, மிச்சம் தெர்மோகோல்), ஸ்டார் கொடுக்கும் ஒரு ஆப் (ஸ்டாருக்காகத் தப்புத் தப்பாகத் தட்டினான்), ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த ஒர்க்‌ஷீட் கட்டு. பருப்பு பிரிக்கும் விளையாட்டும் இதில் சேரும். எல்லோரும் சொல்கிறார்களே என்று துவரை, கடலை, உளுந்து, பாசிப்பருப்பு நான்கையும் கலந்து தட்டில் கொட்டிக் கொடுத்தேன். பத்து நிமிடம் பிரித்தார்கள், பிறகு கொடியில் காயும் துணியில் கூடாரம் கட்டப் போய்விட்டார்கள். ஆயா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் அரிசியும் மிளகாயும் சேர்த்து ஊறப்போட்டார். ராத்திரி அடை. நன்றாகவே இருந்தது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நிஜமான படிப்பு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை, அதுவும் துண்டு துண்டாக. மிச்ச நேரம் கூடாரம், சண்டை, தூக்கம், கொஞ்சம் டிவி. முதல் வருடம் இதற்காகக் குற்ற உணர்ச்சியில் வெந்தேன். இன்னொன்று, இதெல்லாம் ஆயா இருக்கும் வீட்டின் கதை. அவர் ஊருக்குப் போன பத்து நாளில் நான் ஒருத்தியாக லேப்டாப்பையும் ஆழாக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து கார்ட்டூன்தான்.

போன மழையில் மகள்தான் மாடி ஏறினாள். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொண்டுவந்தாள்: 'மலை 4 செமீ'. ஆயா வாங்கிப் பார்த்துவிட்டு, "மாடியில மலையா இருக்கு?" என்று கேட்டு, பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.