கழுத்து ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால்: ஐந்தாம் மாடியா, கீழ்வீடா? கட்டிலா, சாய்வு நாற்காலியா?

யாங்கோனில் ஒருவருக்குக் கழுத்து எலும்பில் ஆபரேஷன் என்றால், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். ஐந்தாம் மாடிக்கே கூட்டிப் போவதா, கீழ்வீட்டில் இருக்கும் சின்னம்மாவிடம் விடுவதா? கஞ்சியா, மொஹிங்காவா (மீன் சாறு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்)? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். என் பெரியம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் சர்ஜனிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தை முன்பக்கம் திறந்தார்களா, பின்பக்கமா? பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

முன்பக்கம் என்றால், தொண்டைக்கு ஒரு பக்கமாகக் கீறி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கிவிட்டு, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கில் கெட்டுப்போனதை எடுப்பார்கள். தசைகளுக்கு அதிகச் சேதம் இல்லை, அதனால் கழுத்து வலி குறைவு. ஆனால் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரல் கம்மும். பலருக்குச் சில நாளில் சரியாகிவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். பின்பக்கம் என்றால் சாப்பாட்டுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. தசைகளை எலும்பிலிருந்து விலக்கித்தான் உள்ளே போகிறார்கள் என்பதால் பிடரியும் தோளும் இறுகி, நல்ல வலி இருக்கும்.

மாடி விஷயத்துக்கு வருவோம். நடப்பது நல்லது, மாடிப்படி ஏறவே கூடாது என்றும் இல்லை. ஆனால் டவுன்டவுன் பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. படி குறுகல், செங்குத்து, கரண்டு போனால் கும்மிருட்டு. கழுத்தை அசையாமல் பிடிக்கிற காலர் பட்டை மாட்டியவருக்குக் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. சொந்த வீட்டில் சொந்தப் படுக்கை, அமைதி எல்லாம் உண்டுதான். வேண்டிய சாமானை பால்கனிக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம் (இழுப்பது வேறு யாராவதாக இருக்க வேண்டும், நோயாளி இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்). ஆனாலும் முன்பக்க ஆபரேஷன் என்றால் என் ஓட்டு கீழ்வீட்டுக்குத்தான். உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டால் மூச்சுக்குழாயை அழுத்தும். அரிதுதான், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். கழுத்து வீங்குவது, மூச்சு முட்டுவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியில் ஐந்து மாடி இறக்கி, அப்புறம் டாக்ஸி தேடுவதை நினைத்துப் பாருங்கள். கீழ்வீட்டில் ஒரே குறை, பார்க்க வருகிற கூட்டம். கம்மிய குரலில் பேசவைப்பார்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பவைப்பார்கள். வாசலிலேயே ஒருவர் நின்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

படுக்கையில் முதலில் பாயை ஒதுக்கிவிடுங்கள். தரையிலிருந்து எழுவதுதான் கழுத்துக்கு இருப்பதிலேயே பெரிய சோதனை. கான்வாஸ் சாய்வு நாற்காலியும் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் தொய்ந்து முதுகை வளைத்துவிடும், எழக் கையால் உந்த வேண்டிவரும். முதுகும் தலையும் சேர்ந்தே நிற்கிற, உறுதியான சாய்மான நாற்காலி கிடைத்தால் முன்பக்கக்காரர்களுக்கு அது அருமை: தலை உயர்ந்திருந்தால் வீக்கமும் குறையும், தொண்டைக்கும் இதம். பின்பக்கக்காரர்களுக்குக் காயத்தில் எதுவும் அழுத்தாதபடி கட்டிலில் ஒருக்களித்து, காதுக்கும் தோளுக்கும் இடையே உள்ள இடைவெளி நிரம்புகிற அளவுக்கு ஒரே தலையணை. குப்புறப் படுப்பது இருவருக்குமே கூடாது.

எழும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி முழு உடம்பாக ஒருக்களிக்க வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். பெரியம்மாவின் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து "இப்போ" என்பேன், சேர்ந்து திரும்புவார். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. பாசத்தில் எல்லோரும் முதலில் செய்ய வருவது அதைத்தான்.

சாப்பாட்டில் வெறும் கஞ்சித்தண்ணீர் பத்தியத்தை நான் ஏற்க மாட்டேன். காயம் ஆறப் புரதம் வேண்டும். குழைய வேகவைத்த கோழிக் கஞ்சி, பருப்பு, அவித்த முட்டையை மசித்தது, தயிர், இவை தொண்டைக்கும் சுலபம். மொஹிங்கா பின்பக்கக்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். முன்பக்கக்காரர்களுக்கு ஒரு வாரம் போகட்டும். கேட்டே தீருவேன் என்றால், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் மொறுமொறு பஜ்ஜியும் இல்லாமல், நூடுல்ஸைச் சின்னதாக நறுக்கி, முள் இல்லை என்று பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்காரவைத்து வாய் வாயாகக் கொடுங்கள்.

சட்டை எப்போதும் முன்னால் பொத்தான் வைத்ததுதான், தலைவழியாக மாட்டுகிற எதுவும் வேண்டாம். ஐஸா, வெந்நீர் ஒத்தடமா என்றால் முதல் நாட்களில் ஐஸ், துணியில் சுற்றி, 15 நிமிடம். காயத்தின் மேல் 'தனக்கா' (மரப்பட்டையை அரைத்த பர்மியப் பூச்சு) பூச வேண்டாம். காலரைக் கழற்றுவது சர்ஜன் சொன்னபடி மட்டும்.

மாத்திரையில்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். தெருமுனை மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலமாகத் தருவார்கள், வலியும் சட்டென்று அடங்கும். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. டாக்டர் எழுதிய சீட்டில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. ஆபரேஷனில் கழுத்து எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்திருந்தால் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகையைப் பல சர்ஜன்கள் சில காலம் தவிர்க்கச் சொல்கிறார்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தலாம் என்பதால். வெற்றிலையும் இதே கணக்குதான். இங்கே மடித்துத் தரும் வெற்றிலையில் பெரும்பாலும் புகையிலை இருக்கும், அதிலுள்ள நிகோடின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். பெரியப்பா "ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டினால் தயவுசெய்து வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.