கும்பிடுபூச்சி: பச்சையா, சருகா?

ஏற்காட்டுக் காப்பிச் செடியில் பச்சைப் பெருங்கும்பிடுபூச்சி ஒன்று. நான் குனிந்ததும் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி, நான் நகர நகரத் தொடர்ந்தது. அது கண்மணி அல்ல. பூச்சியின் கண் பல நுண்ணறைகளால் ஆனது; நம்மை நோக்கிய அறைகள் ஒளியை விழுங்குவதால் தெரியும் கருமை. வெட்டுக்கிளி சிக்கினால் முள்கால்களால் இறுக்கி உயிரோடே கடித்துத் தின்னும். சிறு பல்லியையும் சமயத்தில் விடாது.

சேலத்தின் வறண்ட புதர்களுக்கு ஏற்றது, வயலின் வாத்தியம் போன்ற உருவத்தால் பெயர் பெற்ற வயலின் கும்பிடுபூச்சி. காய்ந்த சருகு போன்ற உடல், குச்சிக் கழுத்து; பறக்கும் ஈக்கள்தான் இரை. நீளத்தில் பச்சைக்கு இளைத்ததல்ல, ஆனால் சாது. வேடிக்கை பார்க்க எனக்குப் பச்சைதான் பிடிக்கும். வளர்க்க வயலின் போதும்: பச்சையில் இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும், இவையோ ஒரே கொப்பில் கூடித் தொங்கும்.