விண்டர்மியர் கார் ஃபெர்ரி: பத்தே நிமிஷம், ஆனா கண்டிப்பா ஏறுங்க

இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட் போனா எல்லாரும் பெரிய டூரிஸ்ட் போட்டுக்குதான் டிக்கெட் எடுக்குறாங்க, நான் சொல்றது அது இல்ல, விண்டர்மியர் ஏரியில போவ்னெஸ் ஊர் பக்கத்துல இருந்து எதிர்க்கரைக்கு காரையும் ஏத்திக்கிட்டு போற, உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் நடத்துற ஃபெர்ரி. பேரு மல்லார்ட். ஒரு நடைக்கு 18 கார் வரைக்கும் ஏத்துவாங்க, நடந்து வர்றவங்களும் சைக்கிள்ல வர்றவங்களும் ஏறலாம்.

ஏறினதும் காரை விட்டு இறங்கி ஓரமா நின்னு பாருங்க. இரும்பு வடம் தண்ணிக்குள்ள இருந்து சொட்டச் சொட்ட மேல ஏறி வருது, அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டேதான் படகு நகருது. என் பொண்ணு கரை சேர்ற வரைக்கும் அதுலேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல.

கவுன்சில் எதுக்கு படகு ஓட்டணும்னா, பி5285 ரோடு இந்தக் கரையில நின்னு அந்தக் கரையில மறுபடி ஆரம்பிக்குது, நடுவுல ஃபெர்ரிதான் ரோடு. ஏரி வடக்கு தெற்கா சுமார் 17 கிலோமீட்டர், பனியாறு குடைஞ்ச நீளப் பள்ளம், படகு இல்லன்னா சுத்திக்கிட்டுதான் போகணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சதே இனிமேதான். 1974 வரைக்கும் இந்தக் கரை வெஸ்ட்மோர்லண்ட் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அந்தக் கரை லங்காஷயர் கவுன்ட்டி! மீதி லங்காஷயருக்கும் அதுக்கும் நடுவுல மோர்கம் விரிகுடா கிடக்கு, இருந்தும் ஒரே கவுன்ட்டி. 74ல கம்பர்லண்டையும் வெஸ்ட்மோர்லண்டையும் சேர்த்து, லங்காஷயர், யார்க்‌ஷயர்ல இருந்தும் கொஞ்சம் எடுத்து கம்ப்ரியான்னு ஆக்குனாங்க. அப்புறம் 2023 ஏப்ரல் 1ல கம்ப்ரியா கவுன்ட்டி கவுன்சிலையும் 6 டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலையும் கலைச்சுட்டு, கம்பர்லண்ட் ஒண்ணு, வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் ஃபர்னெஸ் ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு கவுன்சில் ஆக்குனாங்க. ஃபெர்ரி ரெண்டாவது கவுன்சில் கையில, இப்ப ரெண்டு கரையும் அவங்களோடதுதான். போலீஸ் இன்னும் கம்ப்ரியா பேர்லயே இருக்கு. கவுன்ட்டி, கவுன்சில் பேரு எத்தனை தடவை மாறினாலும் இந்தக் கரை சனங்களுக்கு அந்தக் கரைக்கு வழி விட்டுப்போகல, அதுக்கே 5க்கு 5 குடுக்கலாம்.

காத்து பலமா அடிச்சா நிறுத்திடுவாங்க, கிளம்பும்போது பாத்துக்கோங்க. லீவு நாள்ல கார் வரிசை நீளமா நிக்கும், எங்க போன் மேப் அந்த நேரத்தை கணக்குலயே எடுக்கல, அந்தப் பக்கம் இருக்கற ஹாக்ஸ்ஹெட் ஊருக்குப் போய் மதியம் சாப்பிட மூணு மணி ஆச்சு. முடிஞ்சா காரை இந்தக் கரையிலயே விட்டுட்டு நடந்து ஏறுங்க, அந்தப் பக்கம் ஏரியோரமா மரத்தடியிலயே ரே கோட்டை வரைக்கும் பாதை போகுது.